பெருவிரல் இட்ட கையொப்பம்

கைநாட்டு என்னும் சொல்லுக்கு வழக்கில் இரு பொருள் உண்டு. கையெழுத்துக்கு மாற்றாகப் பெருவிரலை மையில் தோய்த்துத் தாளில் பதிப்பது ஒன்று. எழுத்தறியாதவன் என்று ஒருவனை இழித்துரைப்பது மற்றொன்று. மலேசியத் தோட்டப்புறத் தமிழர் இவ்விரண்டு பொருளையும் தம் வாழ்வில் நன்கு அறிந்தவர். ஆயின், இழிவின் அடையாளமாக எண்ணப்பட்ட அதே பெருவிரற் பதிவு, நீதிமன்றங்கள் ஏற்கும் சான்றுகளுள் ஒன்றாக உயர்ந்த வரலாறும், மங்கி மறைந்த பதிவுகளை மீட்டெடுக்கும் கலை வளர்ந்த வரலாறும் அவர்களுக்குப் போதிய அளவு சொல்லப்படவில்லை.

சிலாங்கூர் ஆற்றின் இரு மருங்கிலும், கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களைச் சூழ்ந்தும், வடக்கே பத்தாங் காலி, கெர்லிங், களும்பாங் வரையிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்கள் விரிந்தன. பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அதனருகே ஹென்றி ஃபோகொன்னியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1917இல் இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். அத்தோட்டம் தாங்கிய பெயர் ‘தென்னமரம்’. நட்டது செம்பனை, பெயரோ தென்னை, மொழியோ தமிழ்! தோட்டத்தின் பெயர்ப்பலகையில் தமிழ் இருந்தது. அங்கு உழைத்தோரின் கையொப்பத்தில் அது பெரும்பாலும் இல்லை. சம்பள நாளன்று கிராணி செக்ரோலைப் பிரித்து வைக்க, வரிசையில் வந்தவர் தம் பெயருக்கு நேரே பெருவிரலை ஊன்றி நகர்ந்தனர்.

அப்பதிவேடுகளில் பெயர் என்பது நம்பத்தகாத பொருள் என்றே சொல்ல வேண்டும். ஒரே தோட்டத்தில் மூன்று முனியம்மாக்களும் நான்கு இராமசாமிகளும் இருப்பர். அப்பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதிய கிராணிகள் ஆளுக்கொரு விதமாக எழுதினர். முனுசாமி ஓரேட்டில் முனியசாமியானார்; மற்றோரேட்டில் முனிசாமியானார். ரேகைக்கு மட்டும் எழுத்துப்பிழை கிடையாது.

இந்த உண்மையை ஆட்சியினர் கண்டுகொண்டது வங்காளத்தில். 1858ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 28ஆம் நாள், ஜங்கிப்பூரில் பணியாற்றிய வில்லியம் ஹெர்ஷல் என்னும் இளம் ஆங்கில அதிகாரி, சாலைக்குச் சரளைக்கல் தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கினார். அலுவலக முத்திரைக்குரிய மையைக் கோனாயின் உள்ளங்கையில் தடவி, ஒப்பந்தத் தாளின் பின்புறம் முழுக்கையையும் பதிக்கச் செய்தார். இது தன் கையொப்பம் அன்று எனக் கோனாய் பிற்காலத்தில் மறுக்கத் துணியாதபடி அவரை அச்சுறுத்துவதே தம் நோக்கம் என்று ஹெர்ஷலே பின்னர் எழுதினார். அறிவியல் அங்கே இன்னும் பிறக்கவில்லை. ஐயப்பாடு மட்டுமே இருந்தது. அதன்பின் அவர் தம் விரல்களையும் பிறர் விரல்களையும் பல ஆண்டு இடைவெளிகளில் பதிந்து ஒப்பிட்டார். முதுமை வந்தும் கோடுகளின் அமைப்பு மாறவில்லை. 1877இல் ஹூக்ளி மாவட்டத்தில் பத்திரப் பதிவிலும் ஓய்வூதியம் வழங்குவதிலும் சிறையிலும் இம்முறையைக் கையாண்டார்.

ஏறத்தாழ அதே காலத்தில் சப்பானில் மருத்துவப் பணியாற்றிய ஹென்றி ஃபால்ட்ஸ், தொல்பழங்கால மட்கலத் துண்டுகளில் குயவரின் விரற்கோடுகள் பதிந்திருக்கக் கண்டு வியந்து ஆராயலானார். குற்றம் நிகழ்ந்த இடத்தில் விட்டுச்சென்ற ரேகையைக் கொண்டு குற்றவாளியை அறியலாம் என 1880இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். பழைய ரேகையைப் படிக்கும் ஆர்வத்திற்குக் குயவனின் சுடுமண்ணே முதல் ஏடாக அமைந்தது எனலாம்.

ஆயிரக்கணக்கான ரேகைத் தாள்களை அடுக்கிவைப்பது எளிது. வேண்டிய ஒன்றை அவற்றுள் தேடியெடுப்பதே அரிது. அதற்கு வழி கண்டதும் கல்கத்தாவே. காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றியின்கீழ்ப் பணியாற்றிய அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இருவரும் ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதில் பெரும்பங்கு ஆற்றினர். 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பணியகம் அமைந்தது. உலகம் அம்முறையை ‘ஹென்றி முறை’ என்றே இன்றும் வழங்குகிறது. உழைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் ஒருவர் என்பது தோட்டங்களில் மட்டும் நிகழ்ந்ததன்று.

அப்பணியகத்தின் ஆற்றலை உலகறியச் செய்த வழக்கு ஒரு தோட்டத்திலேயே எழுந்தது. வங்காளத்தின் வடகோடியில், பூட்டான் எல்லையை அடுத்த ஜல்பைகுரி மாவட்டத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் துரை தம் படுக்கையறையில் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பணப்பெட்டி உடைக்கப்பட்டிருந்தது. ஐயம் முதலில் யார்மேல் விழுந்தது? தோட்டத் தொழிலாளர்மேல். துரை கடுமையாக வேலை வாங்குபவர். ஆகவே கூலிகள் பழிதீர்த்திருப்பர் என்றனர். அடுத்துச் சமையற்காரன்மேல் விழுந்தது. அவன் ஆடையில் இரத்தக்கறை இருந்தது, புறாவை அறுத்தபோது பட்டது என்றான். துரையோடு தொடர்புடைய ஒரு பெண்ணின் உறவினர்மேலும், அவ்வழியே சென்ற காபூலி வணிகர்மேலும் விழுந்தது. துரையின் முறையீட்டால் திருட்டுக்காகச் சிறை சென்று, அண்மையில் விடுதலையான முன்னாள் வேலையாள் ஒருவனும் ஐயத்திற்கு உரியவனானான்.

கொள்ளையிடப்பட்ட பெட்டிக்குள் நீலநிற அட்டையுள்ள வங்காளப் பஞ்சாங்கம் ஒன்று கிடந்தது. அதன்மேல் மங்கிய பழுப்புக் கறைகள் இரண்டு. வெறுங்கண்ணுக்கு அழுக்கென்றே தோன்றும். உருப்பெருக்காடியில் நோக்கியபோது, அவற்றுள் ஒன்றில் வலக்கைப் பெருவிரலின் ஒரு பகுதிக் கோடுகள் தெரிந்தன. கல்கத்தாவில் அடுக்கப்பட்டிருந்த தாள்களோடு ஒப்பிட்டனர். அது அந்த முன்னாள் வேலையாளான காங்காலி சரணின் பெருவிரல்! பலநூறு கல் தொலைவில் பீர்பூம் மாவட்டத்தில் அவன் பிடிபட்டான். கறை இரத்தமே என்று வேதியியல் ஆய்வாளர் உறுதி செய்தார்.

1898இல் இவ்வழக்கில் வழங்கப்பட்ட தீர்ப்பு ஆழ்ந்து கருதத்தக்கது. சரண் திருடினான் என்பதை நீதிமன்றம் ஏற்றது. கொலை செய்தான் என்பதை ஏற்கவில்லை. கொன்றதைக் கண்டவர் எவருமில்லை. ரேகை அவன் பெட்டியைத் தொட்டதைத்தான் சொல்கிறது என்றனர். சரணுக்கு அத்தீர்ப்பு எத்தகையதாயினும், தோட்டத்துத் தொழிலாளர்க்கு அம்மங்கிய கறை செய்த நன்மை பெரிது. அது மட்டும் படிக்கப்படாதிருந்தால், காவலரின் தடி முதலில் எந்த லயத்தின் கதவைத் தட்டியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மறு ஆண்டே, அதாவது 1899இல், விரற்பதிவு பற்றி வல்லுநர் கூறும் கருத்தைச் சான்றாக ஏற்கும் வகையில் இந்தியச் சான்றுச் சட்டம் திருத்தப்பட்டது. அதன் வழிவந்த மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவிலும் விரற்பதிவு இடம்பெற்றுள்ளது.

ஆயினும் ரேகை ஆட்சியினர் கையில் இருக்கும்போது இருமுனைக் கத்தியே. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஆசியர் அனைவரும் பத்து விரல்களையும் பதிந்து சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என 1906இல் ஆணை எழுந்தது. குற்றவாளியிடம் பெறுவதை எங்களிடம் கேட்பதா எனச் சினந்தெழுந்த மக்களுள் தமிழர் முன்வரிசையில் நின்றனர். தம்பி நாயுடு மீண்டும் மீண்டும் சிறை புகுந்தார். 1908ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், சொகன்னஸ்பர்க் பள்ளிவாசல் முன்றிலில் பதிவுச் சான்றிதழ்கள் தீயிலிடப்பட்டன. விரலைப் பதிய மறுத்தவர் வரலாற்றில் இடம்பெற்றனர். அதே தலைமுறையைச் சேர்ந்த உறவினர் பலர் மலாயாவில் விரலைப் பதிந்துகொண்டிருந்தனர்; அவர்களைப் பற்றி வரலாறு பேசுவதில்லை.

மலாயாவில் 1948ஆம் ஆண்டு சூன் திங்களில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டே பன்னிரண்டு வயது நிரம்பியோர் அனைவரும் பதிவு செய்யப்பட்டு, நிழற்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டையைப் பெற்றனர். வடசிலாங்கூர்த் தோட்டங்கள் அப்போராட்டத்தின் நடுவே கிடந்தன. பத்தாங் காலியை அடுத்த சுங்கை ரெமோக் தோட்டத்தில் 1948 டிசம்பர் 12ஆம் நாள் 24 பேர் பிரிட்டிஷ் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டமை உலகறிந்தது. காட்டிலிருந்து வந்தோர் தொழிலாளரின் அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தனர். சாலையில் நின்றோர் அட்டை எங்கே என்று கேட்டனர். இடையில் அகப்பட்டவர் பால்வெட்டுத் தொழிலாளி.

தாளின் அருமை பின்னும் ஒருமுறை உணரப்பட்டது. குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற வேண்டும் என்னும் சட்டம் 1968இல் இயற்றப்பட்டு 1969இல் நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அட்டை வைத்திருந்த தோட்டத் தமிழர் பலர் வாழ்வே நிலைகுலைந்தது. இங்கேயே பிறந்தேன் என்று சொல்வதற்குச் சான்று வேண்டும். பிறப்புப் பத்திரம் இல்லை. இருந்தாலும் அதிலுள்ள தந்தையின் பெயரும் அட்டையிலுள்ள பெயரும் எழுத்தளவில் ஒத்துவரவில்லை. இவ்விடத்தில்தான் பழைய தாளில் இட்ட பெருவிரலை மீண்டும் படிக்க இயலுமா என்னும் வினா, குற்றவியல் ஆய்வுக்கூடத்தின் எல்லையைக் கடந்து மக்கள் வாழ்வுக்குள் நுழைகிறது.

இதற்கு விடை காணுமுன் இருவகைப் பதிவுகளைப் பிரித்தறிய வேண்டும். மையால் வேண்டுமென்றே இட்ட பதிவு ஒன்று. விரலின் வியர்வையால் தானே படிந்து, கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் பதிவு மற்றொன்று.

மைப்பதிவின் ஆயுள் மையின் தன்மையைப் பொறுத்தது. காவல்துறை வழக்கமாகக் கையாண்டது அச்சகத்தார் பயன்படுத்தும் கரிய மை. அதன் கருமை கரித்தூளால் ஆனது. நீர் பட்டாலும் எளிதில் கரையாது. நூறாண்டு சென்றாலும் வெளிறாது. முத்திரைத் தட்டில் ஊற்றும் ஊதா மையோ சாயத்தால் ஆனது. ஈரத்தில் பரவும், வெயிலில் வெளிறும். ஆகவே குற்றவாளியின் ரேகை நிலைத்தும், ஊதா மையில் விரல் பதித்த உழைப்பாளியின் ரேகை மங்கியும் போக நேர்ந்தது. இதை எவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. எனினும் நெஞ்சை உறுத்துகிறது. மங்கிய சாயத்தையும் முற்றும் இழந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. வெவ்வேறு நிற ஒளியிலும் புறஊதா, அகச்சிவப்பு ஒளியிலும் படமெடுத்தால், கண் காணாத வேறுபாட்டைப் படக்கருவி காணக்கூடும். கணினி வந்தபின் தாளின் பழுப்பை நீக்கிக் கோட்டை மட்டும் தெளிவாக்குதலும் இயலுவதாயிற்று. மை பரவிக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் மட்டும், எக்கருவியாலும் அவற்றை மீண்டும் பிரித்துத் தர இயலாது.

வியர்வைப் பதிவின் கதை இன்னும் நுட்பமானது. விரல் நுனியின் வியர்வை பெரும்பாலும் நீரே. அதில் சிறிதளவு உப்பும், அமினோ அமிலங்களும் கலந்துள்ளன. முகத்தையும் தலையையும் தொடும் பழக்கத்தால் எண்ணெய்ப்பசையும் விரலில் ஏறுகிறது. புதிய பதிவின்மேல் தூளைத் தடவினால் ஈரத்திலும் பசையிலும் அது ஒட்டிக்கொள்ளும். நாள் கடந்து உலர்ந்த பதிவில் தூள் பற்றாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு ஆய்வாளர் வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு உப்பைக் கருமையாக்கிக் கோடுகளைக் காட்டினர். ஆயின் காற்றில் ஈரம் மிகுந்தால் உப்பு தாளுக்குள் பரவிவிடும், கோடு கறையாகும். ஆண்டு முழுவதும் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும் கோல சிலாங்கூர்க் கடற்கரையில், அம்முறை பழந்தாளுக்குப் பயன்படும் என்று நம்புவதற்கில்லை.

அமினோ அமிலங்கள் அப்படிப்பட்டவை அல்ல. அவை தாளின் நாரைப் பற்றிக்கொண்டு பல்லாண்டு அசையாதிருக்கும். 1910இல் சீக்ஃபிரீட் ரூஹெமன் நின்ஹைட்ரின் என்னும் பொருளைக் கண்டறிந்தார். அது அமினோ அமிலத்தோடு சேர்ந்தால் ஊதா நிறம் எழும். 44 ஆண்டுகள் அப்பொருள் வேதியியலாரின் கூடத்தில் இருந்தும், அதனால் ரேகையைக் காணலாம் என எவருக்கும் தோன்றவில்லை. 1954இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் இருவர் அதைச் செய்து காட்டினர். பத்தாண்டுகள் பல கடந்த தாள்களிலும் இதனால் ரேகை எழுந்ததுண்டு.

தாள் நனைந்துவிட்டாலோ அமினோ அமிலமும் நீரோடு போய்விடும். எஞ்சுவது எண்ணெய்ப்பசை. நுண்ணிய வெள்ளித் துகள்களை அப்பசையின்மேல் படியச்செய்யும் முறையை 1970களில் பிரிட்டிஷ் ஆய்வாளர் செம்மைப்படுத்தினர். வெள்ளத்தில் ஊறி உலர்ந்த தாளிலும் ரேகை தெரியும் காலம் அப்போது வந்தது. நெகிழி, கண்ணாடி போன்றவற்றுக்கு, வன்பசையின் ஆவியைச் செலுத்தும் முறை 1970களின் இறுதியில் சப்பானில் தோன்றிப் பரவியது. 1990களில் வந்த இண்டேன்டையோன், பச்சை ஒளியில் தானே ஒளிர்ந்து, நின்ஹைட்ரினுக்குப் புலப்படாதவற்றையும் காட்டுகிறது. இம்முறைகளை ஒழுங்கு தவறாமல் கையாள வேண்டும். முதலில் ஒளிப்படம், பின்னர் அமினோ அமிலத்துக்குரியவை, ஈற்றில் நீரில் தோய்க்கும் வெள்ளி முறை. முறை பிறழ்ந்து தாளை முதலிலேயே நனைத்தவன், இருந்ததையும் கழுவிவிட்டவன் ஆவான்.

இத்தனை வல்லமையிருந்தும் ரேகை சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அது எப்போது பதிந்தது என்பதை உறுதியாகக் கூற இன்றளவும் நம்பத்தக்க வழியில்லை. ஜல்பைகுரியில் பெருவிரல் இரத்தம் தோய்ந்திருந்ததனால் காலம் ஓரளவு புலப்பட்டது. வெறும் வியர்வைப் பதிவாக இருந்திருப்பின், வேலையாளாக இருந்த நாளில் தொட்டேன் என்று சரண் சொல்லியிருக்கலாம். சிதைந்த பதிவு வல்லுநரையும் ஏமாற்றும். 2004இல் மத்ரீத் தொடர்வண்டிக் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு ரேகையை, குற்றமற்ற அமெரிக்க வழக்கறிஞர் ஒருவருடையது என அந்நாட்டு வல்லுநர் உறுதிகூறிப் பின்னர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. கோடுகள் குறையக் குறையக் காண்பவரின் கற்பனை மிகுகிறது.

தாள் மட்டுமன்றி விரலும் தேயும். விடியலில் கத்தியெடுத்து மரம் சீவி, மங்கிலிருந்து பாலை வாளிக்கு வழித்து, உறைந்த ஒட்டுப்பாலைப் பிய்த்தெடுத்த கைகள் அவை. பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலமோ தோலை அரிக்க வல்லது. நெடுங்காலம் கைவேலை செய்தோரின் ரேகை மழுங்கிவிடுவது ஆய்வாளர் பலரும் கண்ட உண்மை. 2001இல் வந்த மைகாட் அட்டையின் சில்லில் இரு பெருவிரல்களின் விவரமும் பதிவு செய்யப்பட்டுள்ளது. முதிய தொழிலாளி முகப்பில் நின்று கருவியின்மேல் விரலை வைக்க, கருவி அவரை அறியேன் என்று சொல்லிவிடுவதும் உண்டு. தம் விரலே தமக்குச் சான்று சொல்ல மறுப்பதைக் கண்டு அவர் திகைக்கிறார். இங்கே ஆறுதல் தரும் செய்தி ஒன்றுண்டு. ரேகையின் அமைப்பு மேல்தோலின் அடித்தளத்தில் உருவாவது. மேலே தேய்ந்தாலும், உராய்வு நின்றபின் சில கிழமைகளில் பழைய கோடுகளே மீண்டும் எழத் தொடங்கும். ஆழமாக வெட்டிய கத்தியின் வடு மட்டும் மறையாது; அது ரேகையின் ஒரு பகுதியாகி, பிறர் எவர்க்கும் இல்லாத தனி அடையாளமாகிவிடும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் வீட்டுமனைகளாகியும் வருகின்ற நிலையில், அலுவலகங்களின் பழைய ஏடுகள் எங்கே போயின என்று கேட்பதற்கும் ஆள் குறைவு. சயாம் மரண இரயில் பாதைக்கு 1942 முதல் கொண்டுசெல்லப்பட்டு மீளாத பல்லாயிரவருக்கு முழுமையான பெயர்ப்பட்டியல் இல்லாமற் போனதை நினைத்தால், ஏட்டின் இழப்பு எத்தகையது என்பது விளங்கும். கறையான் ஒருபுறம், ஈரம் ஒருபுறம், குப்பைக்குழியின் தீ மற்றொருபுறம்.

எனினும் ஓரிடத்தில் அவ்வேடுகளின் உறவினர் இன்னும் உயிரோடு இருக்கலாம். அவை தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளும் விண்ணப்பத் தாள்களும் ஆகும். தந்தை கையொப்பம் இட வேண்டிய இடத்தில் ஊதா நிறத்தில் முட்டை வடிவப் பெருவிரல். பக்கத்தில் ஆசிரியரின் அழகிய கையெழுத்தில் குழந்தையின் பெயர். பள்ளி இடம் மாறும்போது அத்தகைய தாள் கண்ணிற்பட்டால் செய்ய வேண்டியவை சிலவே. வெறுங்கையால் புரட்டினால் புரட்டுபவரின் ரேகை அதன்மேல் ஏறும். நெகிழி உறையிட்டுச் சூட்டில் ஒட்டினால் வேதிப்பொருள் உள்ளே புக வழியின்றிப் போகும். கிழிந்த இடத்தில் ஒட்டும் பசைநாடா, நாட்பட அம்மையையே உறிஞ்சிக் கறையாக்கும். அமிலமற்ற தாளுறையில் இட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் கிடத்திவைத்து, நல்ல ஒளியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது போதும். பேரன் பேத்தியர் தேடிவரும் நாளில், தாத்தாவின் பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருந்தாலும், அவர் விரல் ஊன்றிய இடம் அந்தத் தாளில் இருக்கும்.